அரைக்கூறு

கெடாவெட்டில் எங்கள் வீட்டுக்கு அரைக்கூறுதான்.
முப்பத்தெட்டுத் தலைக்கட்டுக்கும் முழுக்கூறு,
தேக்கிலையில், எலும்போடு ஈரலோடு.
எங்கள் பேர் வரும்போது மட்டும்
வெட்டுகிற கை ஒரு கணம் நிற்கும்.
ஏன் என்றால், "எப்பவும் அப்படித்தான்."
கேட்காவிட்டாலும் அரைதான்.

அப்பாவின் தாத்தா கழுவன்.
மேலூர்ப் பக்கமிருந்து ஒரு காரிக்காளையோடு
வந்தவர் என்பது சித்தப்பா கட்சி.
வருசநாட்டுக்குக் காடு வெட்டப் போனவர்
காய்ச்சல் கண்டு இங்கேயே தங்கினார் என்பது பெரியப்பா கட்சி.
சின்னப்பேச்சி அத்தை சொல்வது வேறு:
யாரும் வரலடி, விட்டுட்டுப் போனாங்க.
மூன்று பேரும் ஒரே பந்தியில்
அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்து சொன்னார்கள்.

உசிலம்பட்டியில் இ-சேவை மையம் நடத்துகிறேன்.
யார் மகன் யார் என்று
நாள் முழுக்கத் தட்டுகிறேன்.
வாரிசுச் சான்றுக்குத்தான் கூட்டம்.

நான்கு வெள்ளிக்கிழமை கடையை அடைத்தேன்.
மூன்று மனு, ஒரு சிபாரிசு.
மதுரையில், ஒரு விசிறி மட்டும் ஓடும் ஆவண அறையில்
ரேகைச் சட்டக் காலத்துப் பதிவேடு
துணியில் சுற்றி வந்தது.
குழந்தையைப் போல என்று எழுத ஆசை.
இல்லை, அழுக்கு மூட்டை போலத்தான்.

அதில் இரண்டு கழுவன்.
ஒரே ஊர். ஒரே வயது, சுமார் முப்பது.
ஒருவனுக்கு இடப்புருவத்தில் தழும்பு, தகப்பன் ஒய்யாண்டி.
மற்றவனுக்கு வலது காலில் சுண்டுவிரல் இல்லை,
தகப்பன் தெரியாது.
அந்தத் 'தெரியாது'
அவன் சொன்னதா,
சாப்பாட்டு நேரமாகிவிட்ட எழுத்தர் சொன்னதா?

கட்டைவிரலில் முன்னவனுக்கு வளைவு,
பின்னவனுக்குச் சுழி.
வீட்டுப் பெட்டியில் கிடந்த அடமானப் பத்திரம் என்னிடம் இருந்தது.
கீழப்புஞ்சை, முப்பது ரூபாய், கழுவன் கைநாட்டு.
பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.
ரேகையின் நட்டநடுவை
ராமபாணம் தின்றிருந்தது.
சிரித்துவிட்டேன். எதிர்மேசைக்காரர் முறைத்தார்.

எழுந்தபோதுதான் அடியில் இன்னொரு கட்டு.
ராத்திரி ஆஜர்ப் புத்தகம்.
ஸ்டேஷன் முற்றத்தில் படுக்க வந்தவர்கள்
தினம் தினம் வைத்த விரல்.
கழுவன் வளைவு, கழுவன் சுழி,
வளைவு, சுழி,
ஐப்பசி, கார்த்திகை, தை.
மாசி பதினொன்றில்
இரண்டு பேருக்கும் சுழி.
பன்னிரண்டிலும். பங்குனி முழுக்கவும்.
சித்திரையில் புத்தகம் முடிகிறது.

ஒருவன் போய்விட்டான்.
ஒருவன் இரண்டு தடவை வரிசையில் நின்றிருக்கிறான்
தலைத்துண்டை மாற்றிக் கட்டி,
ஒருமுறை நொண்டி, ஒருமுறை நொண்டாமல்,
புருவத்தில் சுண்ணாம்பு இழுத்தும் இருப்பான்.
மாட்டியிருந்தால் முதுகில் தோல் மிஞ்சியிருக்காது.

நாங்கள் யார் வழி?
போனவன் வழியா,
அவன் பேருக்கும் சேர்த்துப் படுத்தவன் வழியா?
போனவன் விட்டுப்போன அடுப்பில்
யார் உலை வைத்தது?
பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

இந்த மாசியிலும் அரைக்கூறு.
இதுவரை பார்க்காததைப் பார்த்தேன்.
மிச்ச அரையை யாருக்கும் கொடுப்பதில்லை.
இலையில் மடித்துக் கல்லடியில் வைக்கிறார்கள்.
விடிவதற்குள் நாய் தூக்கிவிடும்.
யாருக்கு இது என்றேன்.
"வராதவனுக்கு," என்றார் காசிமாயன்
கத்தியைத் துடைத்தபடி.
அதற்கு மேல் அவருக்கும் தெரியாது.

நேற்று ரேஷன் கடையில்
அம்மாவின் விரலை இயந்திரம் எடுக்கவில்லை.
பருத்தி எடுத்து, பாத்திரம் தேய்த்து
வழுவழுத்துப் போன விரல்.
"துடைச்சிட்டு வைங்க. இன்னொருக்கா வைங்க.
கார்டுல வேற யாராச்சும் இருக்கீங்களா?"
வரிசை முணுமுணுத்தது.
இருக்கேன் என்று
என் கட்டைவிரலை வைத்தேன்.

பச்சை எரிந்தது.
ரசீதில் அம்மா பேர்.